நாலரை ஸ்டாரை நம்பி அந்தரங்கச் சாதனம் வாங்காதீர்கள்

வைப்ரேட்டர், இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக் கருவி, ஆணுறுப்பை விறைக்கவைக்கும் வேக்யூம் பம்ப் எதுவானாலும் வாங்குமுன் இதைப் படியுங்கள். மின்விசிறி புகைந்தால் வாங்கியவர் படம் பிடித்துப் போட்டுச் சண்டை போடுவார். இந்தப் பொருள் கெட்டால் பலர் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சுகாதாரக் காரணம் சொல்லி, திறந்த பெட்டியைப் பல கடைகள் திரும்ப வாங்குவதும் இல்லை. இப்படிப் புகார்கள் வெளியே வராமலே போவதால் சராசரி ஸ்டார் ஏறிக்கொண்டே போகிறது. வாங்குபவரின் கூச்சம்தான் மோசடிக்காரரின் மூலதனம்.

அதிகம் நடப்பது பொருளின் தன்மையில் நடக்கும் மோசடி. விற்பனைப் பக்கத்தில் ‘மெடிக்கல் கிரேடு சிலிக்கோன்’ என்று இருக்கும். பெட்டியைத் திறந்தால் புது ரெக்சின் வாடை அடிக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். நல்ல சிலிக்கோனில் அந்த வாடை இருக்காது. அப்படி வாடை அடிப்பது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அதை வளையும்படி ஆக்கத் தாலேட் போன்ற ரசாயனங்களைக் கலக்கிறார்கள். இத்தகைய பொருட்களில் தாலேட் இருப்பதை டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2006 ஆய்வே காட்டியது. டிபிஇ, டிபிஆர் (ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக் வகைகள்) என்று எழுதியிருந்தால் அது நுண்துளை உள்ள பொருள். கழுவினாலும் உள்ளே தங்கிய கிருமி முழுதாகப் போகாது, கொதிக்கவைத்தால் சாதனமே உருக்குலைந்துவிடும். பெட்டியின் மூலையில் ‘வேடிக்கைப் பொருள்’ என்ற பொருளில் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உடலில் பயன்படுத்துவதற்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே அந்த வரி. இந்தச் சாதனங்களுக்கென ஐஎஸ்ஓ 3533 என்ற பாதுகாப்புத் தரம் 2021-இல் வந்துவிட்டது. அதைக் குறிப்பிடும் தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கையைக் கேட்கலாம்.

ரிவ்யூக்களை மேலிருந்து படிக்காதீர்கள். முதலில் மிகப் பழையவற்றுக்குப் போங்கள். அங்கே மொபைல் உறை, தலைவலித் தைலம் என்று வேறெதையோ பாராட்டியிருந்தால், பழைய பொருளின் நற்பெயரைப் புதியதற்கு ஒட்டியிருக்கிறார்கள். வேறு வேறு பொருட்களை ஒரே பக்கத்தில் சேர்த்து ஸ்டாரைக் கூட்டிக் காட்டியதற்காக ஒரு சத்து மாத்திரை நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. இந்தச் சந்தையில் அதே வேலை, சிலிக்கோன் மாடலின் பாராட்டை டிபிஇ மாடலுக்கும் சேர்த்துக் காட்டுவதாக வரும். எனவே ரிவ்யூ எந்த மாடலுக்கு எழுதப்பட்டது என்ற சிறிய எழுத்தைப் படிக்காமல் நகராதீர்கள்.

அடுத்து இரண்டு, மூன்று ஸ்டார் ரிவ்யூக்கள். ‘வாடை’, ‘சார்ஜ்’, ‘பட்டன்’, ‘தண்ணீர்’ என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். சார்ஜ் முனையின் உலோகப் புள்ளிகள் துருப்பிடிப்பது, பட்டன் ஓரமாக ஈரம் இறங்குவது, பேட்டரி சீக்கிரம் தீர்வது எல்லாம் பல வாரம் கழித்தே தெரியும். டெலிவரி ஆன அன்றே எழுதிய ஐந்து ஸ்டார் இதைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வெறும் சொல்லுக்கும் மதிப்பில்லை. ஐபிஎக்ஸ் என்ற தண்ணீர் தாங்கும் தரக்குறியைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும். அளவிலும் ஏமாறாதீர்கள். விட்டம் 4 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 12.6 செ.மீ. சிலர் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்கவைக்கிறார்கள். மொத்த நீளத்தில் கைப்பிடியும் சேர்ந்திருக்கும்.

‘சிறந்த பத்து’ பட்டியல்களில் பல கமிஷனுக்காக எழுதப்பட்டவை. சொந்தமாக எடுத்த படம், தராசில் நிறுத்த எடை, ஒரு குறையாவது இல்லையென்றால் எழுதியவர் பொருளைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

பணம் போவதைவிடக் கவலையானது, ரிவ்யூவில் வரும் தவறான யோசனைகள். விறைப்பு குறையாமலிருக்க வேக்யூம் பம்ப்புடன் ஆணுறுப்பின் அடியில் போடும் வளையத்தை ‘ஒரு மணி நேரம் வைத்திருந்தேன், பிரமாதம்’ என்று எழுதுகிறார்கள். 30 நிமிடத்துக்கு மேல் வைத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பம்ப்பைத் தொடவே கூடாது. ஆசனவாயில் பயன்படுத்தும் எதற்கும் அகன்ற அடிப்பாகம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உள்ளே போய்ச் சிக்கி, அறுவை அரங்கு வரை போகும். சிலிக்கோன் சாதனத்தோடு சிலிக்கோன் லூப்ரிகன்ட் (வழவழப்புக்குத் தடவுவது) சேர்ந்தால் மேற்பரப்பு கெடக்கூடும். தண்ணீர் அடிப்படையிலானதே பாதுகாப்பு.

ஆப்போடு இணையும் சாதனம் என்றால், மின்னஞ்சல் கொடுக்காமல் இயங்குமா என்று சொல்லும் ரிவ்யூவைத் தேடுங்கள். பயன்பாட்டு விவரங்களைச் சேகரித்ததாக ஒரு கனடா நிறுவனத்தின் மீது 2016-இல் வழக்குப் போடப்பட்டு, 2017-இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

நீங்கள் எழுதும்போது குறைந்தது ஒரு மாதமும் பத்து சார்ஜும் கழியட்டும். எதனால் செய்தது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, நீங்களே அளந்த அளவு, முழு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், அது எத்தனை நிமிடம் ஓடியது, மூடிய கதவுக்கு வெளியே சத்தம் கேட்டதா, எந்த லூப்ரிகன்ட், எப்படிக் கழுவினீர்கள் என்பதெல்லாம் வேண்டும். ‘சூப்பர்’ என்பதைவிட ‘முன்பிருந்ததைவிடக் கனம், மணிக்கட்டு வலிக்கிறது’ என்பது ஆயிரம் மடங்கு உதவும். காசு கொடுத்து வாங்கியதா, இலவசமாக வந்ததா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம். துணையைப் பற்றியும் எழுத வேண்டாம். வெற்றுத் துணிமேல் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் பதிந்த இடக்குறிப்பையும் ஆர்டர் எண்ணையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

குறை எழுதிய பிறகு சிலருக்கு, ‘முழுப் பணமும் தருகிறோம், ரிவ்யூவை நீக்குங்கள்’ என்று செய்தி வரும். பணம் உங்கள் உரிமையானால் வாங்கிக்கொள்ளுங்கள், ரிவ்யூவை நீக்காதீர்கள். வந்த செய்தியைத் தேதியோடு அதே ரிவ்யூவின் கீழே சேர்த்து எழுதுங்கள்.