கடைக்கு மேல் மாடி: பிளாங்க்-ஜாயிஸ்ட்டா, சென்ட்ரிங்கா?

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் மளிகைக் கடையின் ஓட்டுக் கூரையைப் பிரித்து மாடி எழுப்பினோம். பத்துக்கு இருபது அடி இடம். மேஸ்திரி வழக்கம்போல சென்ட்ரிங் அடித்து, அதாவது கீழே பலகையும் முட்டும் கொடுத்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றலாம் என்றார். நான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) உருவாக்கிய பிளாங்க்-ஜாயிஸ்ட் முறையைப் பிடித்துக்கொண்டேன். முன்பே வார்த்த கான்கிரீட் உத்திரங்களை (ஜாயிஸ்ட்) ஏற்றி, அவற்றின் மேல் முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளை (பிளாங்க்) அடுக்கும் முறை அது.

பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கும் ஐஎஸ் 13994 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. செலவும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சென்ட்ரிங்கில் மிச்சமானது அச்சுக்கும் தூக்குக்கூலிக்கும் போய்விட்டது.

முடிவு செய்ய வைத்தது முட்டுதான். சென்ட்ரிங் என்றால் கடைக்குள் சவுக்குக் கழிகள் காடு மாதிரி நிற்கும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரவிதிப்படி 4.5 மீட்டர் வரை அகலமான தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். எங்கள் மேஸ்திரி 14 நாளுக்கு முன் தொட விடமாட்டார். பலகை அடிக்கும் நாள், கம்பி கட்டும் நாள் எல்லாம் சேர்த்தால் மாதக் கணக்கில் வாங்குகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

பிளாங்க்-ஜாயிஸ்ட்டில் பின்புறக் காலி இடத்திலேயே 50 பிளாங்க், 4 ஜாயிஸ்ட் வார்த்து, தண்ணீர் கட்டி வைத்தோம். பிளாங்க் ஓரத்தில் 30 மி.மீ., நடுவில் 60 மி.மீ.; நாலடி நீளத்துக்கு இரண்டு பேர் போதும். ஜாயிஸ்ட் ஏறக்குறைய 185 கிலோ. ஆறு பேர் கயிறு கட்டி ஏற்றினார்கள், நான் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிளாங்க்குகளுக்கு இடையில் விழும் பள்ளத்திலும் ஜாயிஸ்ட் மேலேயும் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினோம். தனித்தனித் துண்டுகள் ஒரே தளமாவது அந்தக் கான்கிரீட்டால்தான், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஜாயிஸ்ட்டுக்கு ஒன்றாக நான்கே முட்டு. ஐந்தாம் நாள் கடை ஷட்டரைத் திறந்தோம். முட்டுக்கு நடுவில் அரிசி மூட்டை அடுக்கி வியாபாரம் நடந்தது.

குறையும் உண்டு. அவசரப்பட்டு மூன்றாம் நாளே தூக்கிய நாலு பிளாங்க்கில் மூலை உடைந்தது. ஃபேன் கொக்கி, ஒயர் பைப் எங்கே என்று வார்க்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மறந்த ஒன்றுக்கு இப்போது சுவரோரம் ஒயர் பட்டி ஓடுகிறது. கீழிருந்து பார்த்தால் ஜாயிஸ்ட் துருத்திக்கொண்டு தெரியும். கடைக்குச் சரி, வரவேற்பறைக்கு என் மனைவி ஒப்பவில்லை.

மழை நேரடியாக விழும் தளத்தில் அத்தனை இணைப்புகளும் ஒழுகாமல் தாங்குமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. மாடிக்கு மேல் மொட்டை மாடி போட்டபோது கீழே யாரும் இல்லை. அதனால் சென்ட்ரிங் அடித்தே ஊற்றினேன்.