டர்பனில் ராஸ்பெர்ரி பை கேமரா செய்து தருகிறேன் என்பவரிடம் உஷார்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டு வைத்து வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா செய்து தருகிறேன், மாதச் சந்தா கிடையாது என்று ஒருவர் நம் வாட்ஸாப் குழுக்களில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

யோசனை என்னவோ நல்லதுதான். ஒரு ராஸ்பெர்ரி பை 4, அதில் மாட்டும் ஒரு கேமரா மாட்யூல், பதிவைச் சேமிக்க ஒரு மெமரி கார்டு, இலவசமாகக் கிடைக்கும் மோஷன்ஐ மென்பொருள், இவ்வளவு இருந்தால் வாசலில் அசைவு தெரிந்ததும் தானே பதிவு செய்யும், படம் எவருடைய சர்வருக்கும் போகாது. உட்கார்ந்து செய்ய எனக்கு நேரமில்லை, கூலி பேசி அவரிடம் விட்டேன். மாட்டும்போது, "எல்லாம் ஒரிஜினல் அங்கிள், கேமரா மாட்யூல் 3, கார்டு 128 ஜிபி" என்றார்.

போன மாதம் பக்கத்து வீட்டு கேட் மோட்டாரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் (இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம்). என் கேமரா அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, பெயரும் நேரமும் இருக்கிறது, அளவுகூடச் சரியாகக் காட்டுகிறது, திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. அன்றையது மட்டுமில்லை, அதற்கு முந்தைய பல நாட்களும் அப்படியே. கார்டை அழித்துவிட்டு எஃப்3 என்ற இலவச மென்பொருளில் சோதித்தேன், உண்மையான கொள்ளளவு 16 ஜிபிகூட இல்லை. இந்தப் போலிக் கார்டுகள் தாங்கள் 128 ஜிபி என்று கணினியிடமே பொய் சொல்லும். உள்ளே இருக்கிற இடம் தீர்ந்த பிறகும் எழுதுகிற மாதிரியே காட்டும், எச்சரிக்கை எதுவும் வராது. விண்டோஸில் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. புதுக் கார்டை மாட்டுவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள், நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் கேமரா. கேமராக்களைப் பட்டியலிடும் கட்டளையை அந்த போர்டில் கொடுத்தால் சென்சார் (படம் பிடிக்கும் சில்லு) பெயர் திரையில் வந்துவிடும். மாட்யூல் 3 என்றால் ஐஎம்எக்ஸ்708 என்று வர வேண்டும், அது 2023-ல் வந்த 12 மெகாபிக்சல், ஆட்டோஃபோகஸ் உள்ளது. எனக்கு வந்தது ஓவி5647. 2013-ல் வந்த முதல் மாட்யூலின் 5 மெகாபிக்சல் சென்சார், அதன் நகல்கள் சல்லிசாகக் கிடைக்கும். பணத்தை மட்டும் புதுசுக்கு வாங்கியிருக்கிறார்.

வயிற்றைக் கலக்கியது ரவுட்டர்தான். வெளியிலிருந்து போனில் பார்ப்பதற்காக மோஷன்ஐ பயன்படுத்தும் 8765 போர்ட்டை, அதாவது அதற்குள் நுழையும் வாசலை, இணையத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார். மோஷன்ஐ நிறுவும்போது அட்மின் கணக்குக்கு பாஸ்வேர்டே இருக்காது, நாம்தான் வைக்க வேண்டும், அதையும் வைக்கவில்லை. நாங்கள் எப்போது கிளம்புகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. அவர் உங்கள் வீட்டிலும் மாட்டியிருந்தால் இன்றைக்கே அந்த போர்ட்டை மூடி, பாஸ்வேர்டு வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் (நீங்கள் மட்டும் நுழையக்கூடிய பூட்டிய இணையப் பாதை) வழியாகப் பாருங்கள்.

கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் பிரச்சினை அங்கிள், அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். சென்சார் பெயரைப் படமெடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

தொழிலாக விற்பவர் தரக்குறைவான பொருளைக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பணமோ மாற்றோ பழுதுபார்ப்போ கேட்க 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. மசியவில்லை என்றால் 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போகலாம், முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தை எங்கே கொடுப்பது என்பதுதான் இப்போது என் சிக்கல், அவர் தந்த ரசீதில் முகவரியே இல்லை. அவரிடம் வாங்கிய வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.