மகிட்டா ஆர்.பி. 2301 எஃப்.சி. ரவுட்டர்: கதவு, நிலை வேலைக்குச் சரி, மைக்கா சீவ வேண்டாம்

தேக்கு நிலையில் கீல் பதிக்க, கதவில் பூட்டுக்குக் குழி எடுக்க, மாடிப்படிப் பலகையில் காடி (நீள்பள்ளம்) ஓட்ட என எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் தேடுபவர்களுக்கு, சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் இந்த ரவுட்டர் நல்ல தேர்வு. 2100 வாட் மோட்டார், 12 மி.மீ. தண்டுள்ள பிட்டை (வெட்டுமுனை) இறுக்கிப் பிடிக்கும் காலெட் என்ற கவ்வி, 70 மி.மீ. வரை இறங்கும் பிளஞ்ச் (மோட்டாரை அழுத்திப் பிட்டை மரத்துக்குள் இறக்கும் அமைப்பு), நிமிடத்துக்கு 9,000 முதல் 22,000 சுற்று வரை டயலில் மாற்றிக்கொள்ளும் வேகம். எடை சுமார் 6 கிலோ. மைக்கா ஓரம் சீவுவதும் விளிம்பு உருட்டுவதும் மட்டுமே வேலை என்றால் இதில் பணத்தைப் போடாதீர்கள். அதே கம்பெனியின் 710 வாட் டிரிம்மர் 1.8 கிலோதான், ஒரு கையில் அடங்கும். இந்தக் கனத்தைக் குறுகலான பலகை ஓரத்தில் ஓட்டினால் பாதி பேஸ் (அடித்தட்டு) அந்தரத்தில் நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிட் மரத்தைக் கடித்துவிடும்.

சுவிட்சை அழுத்தியதும் உதறாமல் படிப்படியாக வேகம் பிடிக்கிறது. இவ்வளவு பெரிய மெஷினுக்கு அது சொகுசு அல்ல, அவசியம். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர்கள் தொடங்கும்போதே மணிக்கட்டைத் திருகும். பளு கூடினாலும் வேகம் சட்டென்று விழுவதில்லை. பிளஞ்ச் தூணில் பேரிங் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தினாலும் சிக்காமல் இறங்குகிறது. பிட் பக்கம் வெளிச்சம் விழ எல்.இ.டி. இருப்பது, மதியத்துக்கு மேல் இருட்டிவிடும் பட்டறைகளில் பென்சில் கோட்டைப் பார்க்க உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியது காலெட். நம் ஊர்க் கடைகளில் 12 மி.மீ. பிட்டும் அரை அங்குல பிட்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அரை அங்குலக் காலெட்டில் 12 மி.மீ. பிட்டைப் போட்டாலும் நட்டு இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும். ஓட ஆரம்பித்ததும் பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவும். காடி ஒரு முனையில் 10 மி.மீ. ஆழமும் மறுமுனையில் 13 மி.மீ. ஆழமுமாக வந்து நிற்கும். கால் அங்குலமும் (6.35 மி.மீ.) 6 மி.மீட்டரும் இதே கதைதான். புது பிட் வாங்கினால் தண்டை வெர்னியரில் அளந்து, காலெட்டிலோ சிலீவிலோ (சிறிய தண்டுக்காகக் காலெட்டுக்குள் போடும் குழல்) பொறித்திருக்கும் அளவோடு ஒத்துப்பாருங்கள்.

பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்டை அடி வரை செருகி, 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்த பிறகு இறுக்க வேண்டும். அடியில் முட்டிய நிலையில் இறுக்கினால் காலெட் முழுசாகப் பிடிக்காது. பிட்டின் கழுத்தில் தண்டு அகலமாகும் வளைவும் காலெட்டுக்குள் போய்விடக் கூடாது. ஷாஃப்ட் லாக்கை அழுத்திக்கொண்டு ஸ்பேனரால் கைபலத்துக்கு இறுக்கினால் போதும், ஸ்பேனரில் பைப் போட்டு நீட்ட வேண்டாம். பிட் இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கவே கூடாது, அது நெளிந்துவிடும். கழற்றிய பிட்டின் தண்டில் கறுத்த வளையமோ தேய்ந்த கோடோ தெரிந்தால் அது நழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பித்தளை பிரஷால் காலெட்டின் உள்பக்கத்தையும் அது உட்காரும் கூம்பையும் காய்ந்த நிலையிலேயே தேயுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். சுத்தம் செய்தும் வளையம் வருகிறதென்றால் காலெட்டை மாற்றிவிடுங்கள். பாழாகும் ஒரு தேக்குப் பலகையின் விலைக்கு முன்னால் காலெட் விலை ஒன்றுமில்லை.

ஆழம் வைக்கும் முறை சுலபம். மரத்தின் மேல் மெஷினை வைத்து, பிட் நுனி மரத்தைத் தொடும் வரை இறக்கி லாக் செய்யுங்கள். ஸ்டாப்பர் கம்பியை (இறங்கும் ஆழத்தைத் தடுக்கும் கம்பி) அடியில் உள்ள திருகுமேடை மேல் முட்டவைத்து, ஆழம் காட்டும் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பிறகு வேண்டிய ஆழத்துக்குக் கம்பியை உயர்த்தி இறுக்குங்கள். மேடையில் மூன்று நிலைகள் இருப்பதால் 18 மி.மீ. காடியை 6, 12, 18 என்று மூன்று ஓட்டத்தில் முடிக்கலாம். கடின மரத்தில் ஒரு ஓட்டத்துக்குப் பிட் விட்டத்தில் பாதிக்கு மேல் போகாதீர்கள். 2100 வாட் இருக்கிறதே என்று 12 மி.மீ. பிட்டை ஒரே மூச்சில் 18 மி.மீ. இறக்கினால் மோட்டார் தாங்கினாலும் பிட் தாங்காது. தண்டு ஒடிந்து தெறிக்கும் வேலை அது.

பூட்டுக் குழிக்கு ஒரு விஷயம். கதவின் கனம் 32 அல்லது 35 மி.மீ. தான், அந்த விளிம்பின் மேல் இந்த மெஷின் தானாக நிற்காது. கதவின் இரண்டு பக்கமும் நேரான ரீப்பரை, விளிம்போடு மட்டமாக இருக்கும்படி சி-கிளாம்பில் பிடித்தால் பேஸ் உட்கார இடம் கிடைக்கும். பூட்டுப் பெட்டி 70 மி.மீட்டருக்கு மேல் உள்ளே போகிறதென்றால் மீதியை டிரில்லும் உளியும்தான் எடுக்க வேண்டும். பல பிட்டுகளின் வெட்டும் நீளம் அதற்கும் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

ஓட்டும் திசையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. ஆகவே பலகையின் வெளி விளிம்பை அதற்கு எதிர்ச்சுற்றில் சுற்றி வர வேண்டும். உங்களை நோக்கிய விளிம்பில் இடமிருந்து வலம். சிங்க் வைக்க வெட்டிய துளை போல உள்விளிம்பு என்றால் கடிகாரச் சுற்றில். மாற்றி ஓட்டினால் பிட் மரத்தின் மேல் சக்கரம்போல் ஏறி மெஷினை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும், 6 கிலோவும் சேர்ந்து. பலகைக்கு நடுவே காடி ஓட்டும்போது மெஷின் எப்போதும் இடப்பக்கம் விலகப் பார்க்கும். அதனால் பேஸில் மாட்டிய ஃபென்ஸ் (பலகை விளிம்பை உரசி வரும் வழிகாட்டிச் சட்டம்) போகும் திசைக்கு வலப்பக்கம் இருக்கட்டும், அந்த விலகலே ஃபென்ஸை விளிம்போடு ஒட்ட இழுக்கும். மரத்தில் கிளாம்ப் போட்ட நேர்கட்டை என்றால் அது இடப்பக்கம். டெம்ப்ளேட் (அச்சுப் பலகை) வேலைக்குக் கணக்கு: அச்சை உரசி ஓட பேஸில் மாட்டும் வளையமான கைடு புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். 30 மி.மீ. புஷ், 12 மி.மீ. பிட் என்றால் வெட்டு, டெம்ப்ளேட்டிலிருந்து 9 மி.மீ. தள்ளி விழும்.

வேகத்தைக் காதால் பிடிக்கலாம். மோட்டார் முனகினால் தள்ளும் வேகம் அதிகம். மரம் கறுத்துக் கருகல் வாசம் வந்தால் ஒரே இடத்தில் தேங்குகிறீர்கள், அல்லது பிட் மழுங்கிவிட்டது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் கார்பைடு முனைகூடச் சீக்கிரம் மழுங்கும். பிளைவுட்டின் பசையும் அப்படியே. பெரிய பிட்டுக்கு டயலைக் கட்டாயம் குறைக்க வேண்டும். 50 மி.மீ. விட்டப் பிட்டை 22,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பாயும். 25 மி.மீ. வரை முழு வேகம் சரி, 50 மி.மீ. வரை 16,000 போதும், அதற்கு மேல் 12,000க்குள்.

மின்சாரப் பக்கம்: 230 வோல்ட்டில் 2100 வாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். நீட்டு வயர் 2.5 சதுர மி.மீ. தாமிரம், சுருளை முழுசாக அவிழ்த்துவிட்டு. சுவிட்சை லாக் செய்து ஓட்டும்போது கரண்ட் போனால் முதலில் லாக்கை விடுவியுங்கள், பிறகு பிளக்கை எடுங்கள்.

கண்ணாடி, காதுக்கவசம், என்95 மாஸ்க் மூன்றும் வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். துண்டு, லூசான லுங்கி, கையுறை மூன்றும் வேண்டாம். வெட்டு முடிந்ததும் பிளஞ்ச் லாக் லீவரை விடுவித்துப் பிட்டை மேலே ஏறவிட்டு, சுழற்சி நின்ற பிறகே கீழே வையுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை, ஆனால் விட்டுவிட்டால் கெடும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டிய நாளில் காற்றுத் துவாரங்களை ஊதிவிடுங்கள். அந்த மாவு போன்ற தூள் சுவிட்சுக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். பிளஞ்ச் தூண்களைக் காய்ந்த துணியால் துடைத்து மெழுகு லேசாகத் தேய்த்தால் போதும். கிரீஸ் பூசினால் தூள் ஒட்டிப் பசையாகி, இறங்கும்போது தட்டித் தட்டிப் போகும். உடம்பைப் பெட்ரோல், தின்னரில் துடைத்தால் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். கார்பன் பிரஷ் மூடியை அவ்வப்போது திறந்து பாருங்கள். தேய்மானக் கோட்டைத் தொட்டுவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் தீப்பொறி கூடும். பிட்டில் ஒட்டிய பிசினைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம். பேரிங் உள்ள பிட் என்றால் பேரிங்கைக் கழற்றிவிட்டுத்தான், இல்லையென்றால் உள்ளிருக்கும் கிரீஸும் கரைந்துவிடும்.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஸ்பேனர், ஃபென்ஸ், தூசிக்குழாய், சிலீவ் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காலெட் வருகிறது என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற தண்டுள்ள பிட்டை மட்டும் அன்றைக்கே வாங்குங்கள். 12 மி.மீ., 6 மி.மீ. நேர்பிட் இரண்டும், பேரிங் உள்ள டெம்ப்ளேட் பிட் ஒன்றும் இருந்தால் கதவு வேலை தொடங்கிவிடலாம்.