கட்டைக் காளானுக்குப் பெயர் கேட்டால்: போனா, ஆயாவா, கறுப்புத் தாளா?

பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து இரண்டு வருடமாகிறது. கிளைகளை அறுத்து எடுத்துப் போனவர்கள் அடிமரத்தை மட்டும் சுவரோரம் உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் கட்டை முழுக்கக் காளான். இந்த முறை மூன்று வகை: சின்ன விசிறி போல வெள்ளை, காது மடல் போலத் தொளதொளவென்று ஒரு பழுப்பு, அடி வெடிப்பில் கொத்தாகக் குட்டிப் பழுப்புக் குடைகள். பெயர் கண்டுபிடிக்க என் கைக்கு எட்டிய வழிகளும் மூன்று.

முதலில் போன். கூகுள் லென்ஸில் வெள்ளை விசிறியை மேலிருந்து படமெடுத்துப் போட்டால் சிப்பிக் காளான் என்றது. பிய்த்துத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினேன். ஷைசோஃபில்லம் கம்யூன் என்று பேச்சை மாற்றிவிட்டது. இரண்டாவதுதான் சரி. சிப்பிக் காளானின் அடியில் உள்ள மடிப்புகள் முழுசாக, மெல்லிய தகடு போலக் காம்பு வரை இறங்கும். ஷைசோஃபில்லத்தில் ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் காய்ந்தால் பிளவுகள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், மழை பட்டால் மறுபடி விரியும். மேலே முயல்காது போல மெல்லிய ரோமம். மணிப்பூரில் இதைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். ஆக, போனைக் குறை சொல்வதைவிடப் படம் எடுத்த என்னைத்தான் சொல்ல வேண்டும். மேல், அடி, காம்பின் கீழ்நுனி, குறுக்கே வெட்டிய முகம் என்று நான்கு படமாவது இல்லாமல் எந்தச் செயலியிடமும் பெயர் கேட்பது வீண். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரின அடையாளச் செயலியில் ஒரு வசதி, அது சொன்ன பெயரை மற்ற மனிதர்களும் பார்த்துத் திருத்துவார்கள். ஆனால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காது மாதிரி இருந்தது மரக்காதுக் காளான், ஆரிகுலேரியா. அடியில் மடிப்பே கிடையாது, ஜெல்லி போல வளையும். சைனீஸ் சூப்பில் கறுப்பாக நழுவுமே, அந்தக் குடும்பம். இதைப் போன் எந்தக் கோணத்திலும் சரியாகச் சொன்னது.

அடுத்து பக்கத்து வீட்டு ஆயா. செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர். தட்டில் வைத்துக் காட்டியதும், "கட்டையில வர்றத இன்னாத்துக்குப்பா எடுத்தாந்த? நாய்க்கொட அது" என்றார். மூன்றுக்கும் ஒரே பெயர்! ஆனால் புற்றுக் காளான் என்று பேச்சை எடுத்தால் ஆள் வேறு. இடி மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் எழும், காம்பு வேர் போல மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகும், விரிவதற்கு முன்னால் எப்படிப் பறிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னார். அவர் அறிவு மண்ணில் முளைப்பதைப் பற்றியது. கட்டையில் முளைப்பதற்கு அவரிடம் இருப்பது 'வேண்டாம்' என்ற ஒரே சொல். அடையாளத்துக்கு அது பயன்படாது, உயிருக்குப் பயன்படும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவே கூடாது: வெள்ளிக் காசு போட்டு வேகவைத்து, கறுக்காவிட்டால் நல்ல காளான் என்றார். அமாடாக்சின் என்ற கொடிய நஞ்சு வெள்ளியைக் கறுக்கவைக்காது, கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் வாந்தி, பேதி, அதன்பின் ஈரல் கெடும். பூச்சி கடித்திருந்தால் விஷமில்லை என்பதும் இதே ரகம்.

மூன்றாவது, செலவில்லாத வித்துத் தடம். காம்பை நறுக்கிவிட்டு, குடையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தாளில் வைத்து, ராத்திரி முழுக்க மூடி வைத்தால் வித்துகள் உதிர்ந்து தூளாகப் படியும். தாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. முதல் நாள் மூட மறந்தேன். மின்விசிறி போட்டதில் தூளெல்லாம் பறந்து, மிஞ்சியது நான்கு புழு. மறுநாள் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். வெள்ளை விசிறிக்கு இது பெரிதாக உதவவில்லை. அதற்கும் சிப்பிக் காளானுக்கும் தடம் ஏறக்குறைய ஒரே வெளிர் நிறம்தான்.

குட்டிப் பழுப்புக் குடைகளில்தான் இந்த வழி தன் வேலையைக் காட்டியது. போன் அவற்றை மைக்குடைக் காளான் என்று அடித்துச் சொல்லியிருந்தது. அந்த இனத்துக்குத் தடம் கறுப்பாக வர வேண்டும். எனக்கு வந்தது துரு நிறம். குளிர்நாட்டுக் காடுகளில் மட்கிய மரத்தில் வளரும் கேலரினா மார்ஜினாட்டாவுக்கும் தடம் துருநிறம்தான், அதில் அமாடாக்சினும் உண்டு. என்னுடையது அதுவென்று சொல்ல வரவில்லை. துருநிறத் தடம் உள்ள காளான்கள் எத்தனையோ. ஆனால் மைக்குடை இல்லை என்பது ஒரு தாளில் முடிந்துபோனது. எனக்கு இந்த மூன்றில் முதலிடம் கறுப்புத் தாளுக்குத்தான். போன் அதற்குப் பிறகு, பெயர்ப் பட்டியல் தருவதற்கு.

பெயர் உறுதியானாலும் இந்தக் கட்டையிலிருந்து எதையும் சமைக்க மாட்டேன். காளான் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுத்துச் சேர்த்துவைக்கும். லாரி ஓடும் தெருவோரக் கட்டைக்கு வேறென்ன வேண்டும்.

பழுப்புக் குடையில் இரண்டை நிழலில் நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் உறை என்றால் பூசணம் பிடித்துவிடும். உறைமேல் தேதி, தூங்குமூஞ்சி, தடம் துருநிறம் என்று எழுதியாகிவிட்டது. தாவரவியல் படிக்கும் நண்பரின் மகள் பொங்கல் லீவுக்கு வரும்போது, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வித்தின் வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.