வேட்டை பழகப் போய் 68,500 ரூபாவை இழந்தேன். காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

போன சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு வெள்ளவத்தை சவோய் தியேட்டருக்கு முன்னால் பையோடு போய் நின்றேன். பயிற்சிக்குக் கூட்டிப்போக வான் வரும் என்றார்கள். ஏழு மணி மட்டும் நின்றேன். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. வான் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. 68,500 ரூபா போய்விட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் ஊர் மாங்குளத்துக்குப் பக்கம். அவரும் பெரியப்பாவும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இரவில் முயலுக்குப் போன கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வெளிச்சத்தில் கண் மினுங்கும், மினுங்கின உடனே சுடக்கூடாது, அது என்ன மிருகம், பின்னால் ஆளோ மாடோ நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் துவக்கைத் தூக்க வேண்டும் என்று அப்பா சொல்லுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. காணி இருக்கிறது. மச்சான் கச்சான் போட்டால் முயலும் பன்றியும் மிச்சம் வைப்பதில்லை. கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிற எனக்கு, இது என்ன தடம், காற்று எந்தப் பக்கம் என்று கூட நடந்து காட்டித்தர ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சமூக வலைத்தளத்தில் ஒரு வேட்டைப் பயிற்சிப் பக்கம் கண்ணில் பட்டது. தமிழில் இருந்தது. மூன்று நாள் பயிற்சி, அனுமதிப் பத்திரம், ஒரு எயார் ரைபிள், எல்லாம் சேர்த்து 68,500. எடுத்த உடனே நான் நம்பவில்லை. போன் பண்ணினேன். ஒருவன் எடுத்து நாற்பது நிமிடம் கதைத்தான். காசைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. "அப்பா வைத்திருந்தது இடியன் துவக்கா அண்ணா, இரட்டைக்குழலா?" என்று கேட்டான். அப்பா செத்து ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "எல்லாருக்கும் சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்கிறதில்லை அண்ணா, நாங்கள் இருக்கிறம்" என்றான். அன்றிரவே 25,000 அனுப்பினேன்.

இரண்டு நாளில் அரச இலச்சினையோடு ஒரு பத்திரத்தின் படம் வட்ஸ்அப்பில் வந்தது. முயல், காடை, கௌதாரி, காட்டுக்கோழி என்று பட்டியல் போட்டிருந்தது. இலங்கைக் காட்டுக்கோழி இந்த நாட்டின் தேசியப் பறவை, வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லாதது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டேன். "அது பண்ணையில் பெருக்கினது அண்ணா" என்றான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மிச்சம் 43,500ஐயும் போட்டேன். மொத்தம் 68,500, ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

பிறகு "முதல் பாடம்" என்று ஒன்று அனுப்பினான். கம்பியில் சுருக்குப் போடுவது எப்படி என்று படம் படமாக! அப்பா ஒரு நாளும் சுருக்கு வைத்தவரில்லை. சுருக்குக்கு முயல் எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020இல் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒரு கம்பியில் மாட்டித்தான் செத்தது. புதிதாகப் பழக வருகிறவனுக்கு இதையா முதலில் சொல்லிக்கொடுப்பது?

வான் வராத நாளில் இருந்து அலைகிறேன். அந்தப் பயிற்சிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன், என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள். வலைத்தளத்துக்கு முறையிட்டேன், "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று ஒரு மணித்தியாலத்தில் பதில். வங்கியில் ஒரு பெண் பிள்ளை, நீங்களே விரும்பி அனுப்பின காசு சேர், நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். முறைப்பாடு எழுதப் போன இடத்தில் "வேட்டைக்கா காசு கட்டினீர்?" என்று சிரித்தார்கள். 68,500 ரூபா என் ஒன்றரை மாத வீட்டு வாடகை. அவர்களுக்கு அது சிரிப்பு.

கடைசியில் பத்தரமுல்லையில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் மட்டும்தான் அந்தப் பத்திரத்தை முழுதாக வாசித்தார். இது எங்களுடையது இல்லை, இதை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தால் உங்களைத்தான் பிடித்திருப்போம் என்றார். 1937ஆம் ஆண்டு வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009இல் இன்னும் இறுக்கினது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். காசு போனதை விட அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. மறியலுக்குப் போயிருப்பேன்.

இனித் தொடங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். எந்த அனுமதி என்றாலும் முதலில் பத்தரமுல்லையில் காட்டிக் கேளுங்கள். துவக்கு விடயம் 1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழே வருகிறது, தபாலில் வருகிற சாமான் இல்லை. பயிரைக் காக்கத்தான் வேண்டும் என்றால் கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். சுருக்குச் சொல்லித்தருகிறவனை விட்டு ஓடுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே, இணைய மோசடிகளை முறையிடுகிற 101க்கு எடுங்கள், நான் மூன்று நாள் பிந்திவிட்டேன்.

நேற்றிரவு மச்சானின் போனில் பார்த்தேன். அதே படங்களோடு பக்கம் வேறு பெயரில் இருக்கிறது. "இந்த மாதம் ஆறு இடம்தான் மிச்சம்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு பொடியன், "அண்ணா, எனக்குப் பழக்க ஆள் இல்லை, சேரலாமா?" என்று கேட்டிருந்தான். மச்சானின் கணக்கிலிருந்து அவனுக்குத் தனியாக எழுதினேன். இன்னும் அவன் பார்க்கவில்லை.