டாப், எச்டாப், ஏடாப்: ஒரே தரவு, மூன்று பார்வைகள்

யுனிக்ஸ் வழிவந்த சேவையகம் ஒன்று திடீரென மந்தமாகும்போது, எந்தச் செயல்முறை, அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல், எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பதே நிர்வாகியின் முதல் வேலை. அதற்கென இருக்கும் கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் திரையின் நிறத்தையும் வரைபடங்களின் அழகையும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. லினக்ஸில் இந்தக் கருவிகள் அனைத்தும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் எண்களை எடுக்கின்றன. ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பகத்தை "/ப்ராக்" என்னும் இடத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காட்டுகிறது. அங்குள்ள கோப்புகள் வட்டில் இருப்பவை அல்ல, வாசிக்கும் கணத்தில் கெர்னல் உருவாக்கித் தருபவை. ஆகவே துல்லியத்தில் இவற்றுக்குள் பெரிய போட்டி கிடையாது. அந்த எண்களை எப்படிக் கணக்கிடுகின்றன, எப்படி அடுக்குகின்றன, திரை மறைந்த பிறகும் எதையாவது நினைவில் வைத்திருக்கின்றனவா என்பவற்றில்தான் வேறுபாடு இருக்கிறது.

டாப் இவற்றில் மூத்தது. வில்லியம் லெஃபெவர் 1984-ஆம் ஆண்டு பிஎஸ்டி யுனிக்ஸுக்காக அதை எழுதினார். இன்று லினக்ஸில் நாம் தட்டும் டாப் அதே பெயர் கொண்ட வேறொரு நிரல். அது ப்ராக்பிஎஸ்-என்ஜி என்னும் தொகுப்பின் பகுதி. ஃப்ரீபிஎஸ்டியில் இருப்பது லெஃபெவரின் வழியில் வந்தது; மேக் கணினியில் இருப்பது மற்றொன்று; ஆல்பைன் லினக்ஸில் பிஸிபாக்ஸ் தரும் சிறு வடிவம் இன்னொன்று. கட்டளையோடு சேர்த்துத் தர ஓரிடத்தில் பழகிய தெரிவுகள் மற்றோர் இடத்தில் பிழைச் செய்தி தருவதற்குக் காரணம் இதுதான். நினைவகப் பயன்பாட்டின்படி வரிசைப்படுத்த லினக்ஸில் சதவீதக் குறியுடன் "மெம்" என்று தர வேண்டும், மேக் கணினியில் வெறும் "மெம்" போதும், ஃப்ரீபிஎஸ்டியில் "ரெஸ்" என்று தர வேண்டும்.

டாப்பை நிறுவ வேண்டியதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. முழுமையான இயங்குதளத்தில் அது உண்மை. ஆனால் நிரலைத் தனித்து இயக்க உதவும் கன்டெய்னர்களுக்கான டெபியனின் மெலிந்த படிமங்களில் டாப்பும் இருக்காது, செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையும் இருக்காது. அங்கே டாப் என்னும் பெயரில் ஒரு தொகுப்பைத் தேடுபவர் ஏமாந்துதான் போவார். டெபியன், உபுண்டு குடும்பத்தில் நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் "ப்ராக்பிஎஸ்", ரெட் ஹேட் குடும்பத்தில் "ப்ராக்பிஎஸ்-என்ஜி".

டாப்பின் திரை வறண்டது, உதவிக் குறிப்புகள் கண்ணில் படாது. இருந்தாலும் 1 என்ற விசை ஒவ்வொரு சிபியு மையத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். பெரிய எழுத்தான எம் நினைவகத்தின்படியும் பெரிய பி சிபியுவின்படியும் வரிசைப்படுத்தும். பெரிய டபிள்யூ அமைப்புகளைச் சேமிக்கும். இந்த நான்கையும் கைக்குப் பழக்கிக்கொண்டால் அன்றாடத் தேவையில் பாதி தீர்ந்துவிடும். ஒரு செயல்முறை 400% சிபியு எடுப்பதாகக் காட்டினால் அது பிழையன்று. நான்கு மையங்களை முழுதாகப் பயன்படுத்தும் செயல்முறையை டாப் இயல்பாகவே அப்படித்தான் எண்ணும். பெரிய ஐ விசையை அழுத்தினால் எல்லா மையங்களையும் சேர்த்து 100% எனக் கணக்கிடும் முறைக்கு மாறும்.

எச்டாப், பிரேசிலைச் சேர்ந்த ஹிஷாம் முகமது 2004-இல் வெளியிட்ட கருவி. 2016-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகியவற்றிலும் அது முறையாக இயங்கத் தொடங்கியது. 2020-இல் புதிய பராமரிப்புக் குழுவின் கையில் 3.0 வெளிவந்தது. பட்டியலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்தலாம். எஃப்5 விசையால் தாய்ச் செயல்முறைக்கும் சேய்ச் செயல்முறைக்கும் உள்ள உறவை மர வடிவில் காணலாம். செயல்முறையின் எண்ணைத் தட்டச்சு செய்யாமலே எஃப்9 விசையால் அதை நிறுத்தச் சமிக்ஞை அனுப்பலாம். நேரடியாகக் கண்முன் நடப்பதைப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான கருவி எனக்குத் தெரியவில்லை.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் முதன்மைக் களஞ்சியத்திலேயே எச்டாப் கிடைக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்தின் ராக்கி, ஆல்மா ஆகியவற்றில் நேரடியாக நிறுவ முயன்றால் அப்படி ஒரு தொகுப்பு இல்லை என்ற பதிலே வரும். முதலில் "எபெல்-ரிலீஸ்" தொகுப்பை நிறுவி, கூடுதல் தொகுப்புகளைத் தரும் எபெல் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகே எச்டாப் கண்ணுக்குத் தெரியும். மூலநிரலிலிருந்து கட்டமைப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். கிட் களஞ்சியத்திலிருந்து நகலெடுத்தால் "கான்ஃபிகர்" கோப்பு இருக்காது, "ஆட்டோஜென்" நிரலை ஓட்டி அதை உருவாக்க வேண்டும். அடுத்து, முனையத் திரையை வரைய உதவும் என்கர்சஸ் நிரலகம் கணினியில் இருந்தும் அது இல்லை என்று கட்டமைப்பு நின்றுவிடும். இயங்குவதற்கான நிரலகம் வேறு, நிரலைத் தொகுப்பதற்கான தலைப்புக் கோப்புகள் வேறு. பின்னதை டெபியனில் "தேவ்" என்றும் ஃபெடோராவில் "டெவல்" என்றும் முடியும் பெயருள்ள தொகுப்பாகத் தனியே நிறுவ வேண்டும்.

நிறுவிய பின்னும் "எரர் ஓப்பனிங் டெர்மினல்" என்று சொல்லி எச்டாப் திறக்க மறுப்பதுண்டு. உடனே அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் பயனில்லை. கிட்டி போன்ற புதிய முனையத்திலிருந்து பழைய சேவையகத்துக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது, "டெர்ம்" என்னும் சூழல் மாறி அந்தப் புதிய முனையத்தின் பெயரையே எடுத்துச் செல்கிறது. அந்தப் பெயருள்ள முனையத்தின் திறன்களைச் சொல்லும் டெர்மின்ஃபோ விவரம் சேவையகத்தில் இல்லாததால்தான் சிக்கல் எழுகிறது. டாப்பை இயக்கிப் பார்த்தால் அதுவும் முனைய வகை தெரியவில்லை என்றே சொல்லும். எனவே பழி எச்டாப்பின் மேல் இல்லை. அவசரத்துக்கு "டெர்ம்" மாறியில் "எக்ஸ்டெர்ம்-256கலர்" என்ற மதிப்பைத் தரலாம். நிலையான தீர்வு வேண்டுமானால் "இன்ஃபோகம்ப்" கட்டளையால் விவரத்தை எடுத்து, சேவையகத்தில் "டிக்" கட்டளையால் சேர்க்கலாம்.

எச்டாப்பைப் புதிதாகத் திறப்பவர்களை மிரட்டுவது, ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகள். ஒரே தரவுத்தளச் சேவை அறுபது வரிகளாகத் தெரியும், ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஜிபி நினைவகம் என்றிருக்கும். அறுபதை இரண்டால் பெருக்கி அதிர்ச்சி அடைய வேண்டாம். அவை ஒரே செயல்முறையின் இழைகள், அந்த இரண்டு ஜிபியைத்தான் அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய எச் விசை அவற்றை மறைத்துவிடும். அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தியும் மாற்றம் நிலைக்கவில்லை என்பது மற்றொரு குறை. எச்டாப் வெளியேறும்போது தன் அமைப்புகளை அந்தக் கோப்பின் மேல் எழுதிவிடுவதால், அது இயங்காத நேரத்தில்தான் திருத்த வேண்டும். வட்டில் வாசித்த, எழுதிய அளவைக் காட்டும் நெடுவரிசைகள் வெறுமையாக இருந்தால் அதற்குக் காரணம் உரிமை. பிறருடைய செயல்முறையின் "ஐஓ" கோப்பை வாசிக்கக் கெர்னல் சாதாரணப் பயனருக்கு இடம் தருவதில்லை.

பிடாப், கிளான்சஸ் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். பிடாப் கண்ணுக்கு விருந்து. சி++ மொழியில் எழுதப்பட்டது. யுடிஎஃப்-8 மொழியமைப்பு இல்லாத சேவையகத்தில் திறக்க மறுக்கும். வரைபடங்களுக்குப் பிரெயில் எழுத்துகளைப் பயன்படுத்துவதால் அவை இல்லாத எழுத்துரு உள்ள முனையத்தில் வெறும் கட்டங்களாகத் தெரியும். பிந்தைய குறைக்கு வரைபடக் குறியீட்டை "பிளாக்" என மாற்றினால் போதும். சொந்த மடிக்கணினியில் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன்; மெதுவான இணைப்பின் வழியே தொலைவிலுள்ள சேவையகத்தைப் பார்க்கும்போது விரும்புவதில்லை. பைத்தானில் எழுதப்பட்ட கிளான்சஸின் தனிச்சிறப்பு அதன் இணையப் பக்கம். 61208 என்னும் துறையில் (போர்ட்) உலாவி வழியே பார்க்கலாம். டெபியன் 12 முதல், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் "பிப்" கட்டளையால் அதை நேரடியாக நிறுவ முயன்றால், இந்தச் சூழலை இயங்குதளமே நிர்வகிக்கிறது என்று மறுப்பு வரும். அதை வலுக்கட்டாயமாக மீறுவதைவிட "பிப்எக்ஸ்" மூலம் தனிச் சூழலில் நிறுவுவது நல்லது. அந்த இணையப் பக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமல் பொது இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் கருவியை மாற்றினாலும் மாறாத குறைகள் சில உண்டு. பலர் பகிரும் சேவையகத்தில் உங்கள் செயல்முறைகள் மட்டுமே தெரிந்தால், "/ப்ராக்" பகுதி, பிறருடைய செயல்முறைகளை மறைக்கும் "ஹைட்பிட்" என்னும் தெரிவுடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று "மவுன்ட்" கட்டளையால் பார்க்க வேண்டும். கன்டெய்னருக்குள் எச்டாப்பைத் திறந்தால் நாலைந்து செயல்முறைகள்தான் தெரியும், ஆனால் மேலே உள்ள நினைவகப் பட்டையோ தாய்க் கணினியின் முழு 64 ஜிபியைக் காட்டும். செயல்முறைப் பட்டியலைக் கெர்னல் பிரித்துக் காட்டுகிறது, நினைவகக் கணக்கைப் பிரித்துக் காட்டுவதில்லை. உங்கள் கன்டெய்னருக்கு விதிக்கப்பட்ட வரம்பு 512 எம்பியாக இருந்து, அதை மீறியதால் நிரல் கொல்லப்பட்டாலும், அந்தப் பட்டை நிறைய இடம் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

பிஎஸ் கட்டளை ஒரு சதவீதமும் டாப் வேறொரு சதவீதமும் காட்டுவதும் இத்தகையதே. பிஎஸ் காட்டுவது அந்தச் செயல்முறை பிறந்தது முதல் இன்றுவரையிலான சராசரி, டாப் காட்டுவது கடைசி இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நிலவரம். மாதக்கணக்காக உறங்கிவிட்டு ஒரு நிமிடம் முன்பு வெறிகொண்ட செயல்முறையைப் பிஎஸ் சாதுவாகவே காட்டும். இயங்கும், காத்திருக்கும் செயல்முறைகளின் சராசரி எண்ணிக்கையான சுமைச் சராசரி 40 என்றிருக்க சிபியு சும்மா இருந்தால், நிலையைக் காட்டும் நெடுவரிசையில் "டி" (D) எழுத்து தாங்கிய செயல்முறைகளைத் தேட வேண்டும். வட்டுக்காகவோ வலையமைப்பு வழியே பகிரப்படும் என்எஃப்எஸ் கோப்பகத்துக்காகவோ காத்துக் கிடப்பவற்றையும் லினக்ஸ் சுமையில் சேர்த்து எண்ணுகிறது. அவற்றில் பல, கட்டாயமாகக் கொல்லும் 9 என்னும் சமிக்ஞைக்கும் உடனே மசியாது. காத்திருக்கும் பொருள் திரும்பி வர வேண்டும், அல்லது கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இனி ஏடாப். நெதர்லாந்தின் ஜெர்லோஃப் லாங்கவெல்ட் எழுதிய இந்தக் கருவியை டாப்புக்கு மாற்றாக எண்ணுவதே தவறு என்பேன். நேரலைத் திரையில் அது நெருக்கமும் எண்களும் நிறைந்த, பழகக் கடினமான கருவி. அதன் மதிப்பு பின்னணியில் இருக்கிறது. சேவையாக இயங்கும்போது இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு நிலவரத்தையும் பதிந்து, "/வார்/லாக்/ஏடாப்" கோப்பகத்தில் நாளுக்கு ஒரு கோப்பாக 28 நாள் வைத்திருக்கிறது. ஆர் தெரிவுடன் அந்தக் கோப்பைத் திறந்து, சிறிய டி (t) விசையால் முன்னோக்கியும் பெரிய டி (T) விசையால் பின்னோக்கியும் நேரத்தில் நகரலாம். டாப்பிலும் எச்டாப்பிலும் நேற்று என்று ஒன்றில்லை.

டெபியன் குடும்பத்தில் நிறுவிய உடனே பதிவு தொடங்கிவிடும். எபெல் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் "சிஸ்டம்சிடிஎல்" வழியாக நாமே சேவையை இயக்கிவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கோளாறு நடந்த மறுநாள் வெற்றுக் கோப்பகத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். செயல்முறைவாரியாக வலையமைப்புப் பயன்பாட்டைப் பார்க்க நெட்ஏடாப் என்னும் கெர்னல் கூறு தனியே வேண்டும், கெர்னல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி கட்டமைக்க நேரும். ஒரு பதிப்பில் பதிந்த கோப்பை வேறு பதிப்பு திறக்க மறுத்தால் "ஏடாப்கன்வெர்ட்" கைகொடுக்கும். பதிப்பைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2025 மார்ச் மாதம் வெளிவந்த குறைபாட்டின்படி, வரைகலை அட்டை விவரத்துக்காக ஏடாப் உள்ளூர்த் துறை ஒன்றை இயல்பாகவே நாடியது. அதே கணினியில் கணக்குள்ள வேறொருவர் அந்தத் துறையில் காத்திருந்து ஏடாப்பை நிலைகுலையச் செய்ய முடிந்தது. 2.11.1 பதிப்பு அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. விநியோகங்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்ப்பதும் உண்டு என்பதால், எண்ணோடு தொகுப்பின் மாற்றக் குறிப்பையும் பார்த்துவிடுவது நல்லது.

நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சேவையகத்தில் இரவு இரண்டரை மணிவாக்கில் இணையதளம் பத்து நிமிடம் முடங்கி, பிறகு தானாகவே எழுந்துவிடும். காலையில் எச்டாப்பில் பார்த்தால் எல்லாம் அமைதி. ஓர் இரவு கண்விழித்து டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன். மேலே சிபியு முழுவதும் நிரம்பியிருந்தது, கீழே பட்டியலில் எந்தச் செயல்முறையும் மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. தின்பவன் தெரியாமல் தட்டு மட்டும் காலியானது. இரண்டு அளவீடுகளுக்கு இடையில் பிறந்து மடியும் செயல்முறையை டாப் பார்க்கவே முடியாது என்பது அப்போது உறைத்தது.

ஏடாப்போ கெர்னலின் செயல்முறைக் கணக்கேட்டையும் வாசிக்கிறது. ஆகவே இடையில் மடிந்தவற்றையும் கோணக் குறிகளுக்குள் பெயரிட்டுக் காட்டுகிறது. அமைப்புக் கோப்பில் "லாக்இன்டர்வல்" மதிப்பை 60 நொடியாக்கி மறுநாள் பதிவைத் திறந்தேன். இரண்டரை மணிப் பக்கம் முழுவதும் கோணக் குறிக்குள் "செட்" என்னும், உரையை மாற்றும் கட்டளை. ஒரே பெயருள்ளவற்றைக் கூட்டிக் காட்டும் சிறிய பி விசையை அழுத்தியதும் அவை ஆயிரக்கணக்கில் ஒரே வரியாகச் சேர்ந்து பட்டியலின் உச்சிக்கு வந்தன. இரவு அறிக்கை தயாரிக்கும் ஷெல் நிரல், பெரிய பதிவுக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதிய "செட்" செயல்முறையைப் பெற்றுப் பெற்றுப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றை நீக்கிவிட்டு முழுக் கோப்பையும், அதேபோல் உரையைக் கையாளும் ஒரே "ஆக்" கட்டளையிடம் ஒப்படைத்தேன். அடுத்த இரவின் பதிவில் இரண்டரை மணிக்கு "ஆக்" என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதுவும் சில நொடிகளில் முடிந்திருந்தது.