உணவுக்குழாய் தையல் கசிந்தால்: காத்திருப்பதா, ஸ்டென்ட்டா, ஸ்பாஞ்சா?

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு மும்பை பரேலில் ஆபரேஷன் செய்துகொள்ளும் நம் ஆட்கள், தாராவியிலிருந்து வந்தாலும் செம்பூரிலிருந்து வந்தாலும், கேட்டதும் பதறிப்போகிற சொல் ‘லீக்’. உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போலத் தைத்து மேலே இழுத்து, மிச்சமிருக்கும் துண்டோடு இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறாமல் விட்டுப்போவதுதான் லீக். பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். டாக்டர் இந்தியில் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பார். உடனே “சிஸ்டர், எதும்மா நல்லது?” என்று என்னிடம் ஓடி வருவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கசிந்தது எங்கே தேங்கியிருக்கிறது, அது வெளியே வருகிறதா? உயிருக்கு உலை வைப்பது நெஞ்சுக்குள் தேங்கும் எச்சிலும் சீழும்தான். எந்த வழியானாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இணைப்பு கழுத்தில் இருந்தால் பெரும்பாலும் காத்திருப்பதே போதும். நெதர்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மறுசிகிச்சை தேவைப்பட்ட லீக் கழுத்தில் இணைத்தவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கும், நெஞ்சில் இணைத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் வந்தது. ஆனால் கழுத்து லீக்கைக் கையாள்வது எளிது. படுக்கையிலேயே கழுத்துத் தோலில் இரண்டு மூன்று தையலைப் பிரித்துவிட்டால் எச்சில் வெளியே வந்துவிடும். நீல மருந்தை ஒரு மடக்கு விழுங்கச் சொன்னால், சற்று நேரத்தில் கழுத்துப் பஞ்சில் நீலம் ஊறும். நாள்பட நாள்பட அந்த நீலம் குறைந்து, ஒருநாள் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: கழுத்து லீக்கும் சில சமயம் நெஞ்சுக்குள் இறங்கும். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல் வந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

நெஞ்சுக்குள் லீக் என்றால்தான் உண்மையான போட்டி. ஸ்டென்ட் என்பது உறை போட்ட உலோகக் குழாய். ஒரே எண்டோஸ்கோப்பியில் வைத்து, சுமார் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். ஓட்டை உடனே மூடுகிறது, நோயாளிக்கும் அலைச்சல் குறைவு. குறை என்னவென்றால், கட்டியால் சுருங்கிய குழாயில் ஸ்டென்ட் கவ்விப் பிடிக்கும். இங்கே கீழே இருப்பது அகலமான இரைப்பை, பிடிமானம் இல்லாமல் நழுவிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, மூடிய ஓட்டைக்கு வெளியே உள்ள சீழை அது தொடாது. அதற்கு நெஞ்சில் தனியாக டிரெய்ன், அதாவது சீழை வெளியே எடுக்கும் குழாய், போட வேண்டும். நீர் கசிந்த சுவருக்குப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நிற்குமே, அதே கதைதான்.

ஸ்பாஞ்ச் முறையில், சீழ் தேங்கிய குழிக்குள்ளேயே பஞ்சை வைத்து, மூக்கு வழியாக வரும் குழாயை உறிஞ்சும் மெஷினில் மாட்டுகிறார்கள். உறிஞ்சும் அழுத்தம் வழக்கமாக 125 மி.மீ. பாதரச அளவு. அழுக்கு வெளியேறிக்கொண்டே இருக்க, குழி சுருங்கிச் சிவந்த புதுச்சதை வளர்கிறது. ஆனால் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கொருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பஞ்சை மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். மூக்கு புண்ணாகிப் பலர் நொந்துபோகிறார்கள். பெரிய ரத்தக்குழாய் அருகில் இருந்தால் அபூர்வமாக ரத்தப்போக்கும் வரலாம். இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் பழைய பதிவேடுகளைப் பார்த்தவை. அவற்றில் பலவற்றில் ஸ்பாஞ்சே அதிக லீக்கை மூடியிருக்கிறது. சீழ்க்குழி இருந்து, ஸ்பாஞ்ச் முறையைத் தொடர்ந்து செய்துவரும் டீமும் இருந்தால், என் ஓட்டு ஸ்பாஞ்சுக்கு. ஓட்டை சிறிது, டிரெய்ன் நன்றாக வேலை செய்கிறது, அடிக்கடி மயக்கம் கொடுக்க நோயாளியின் உடம்பு தாங்காது என்றால் ஸ்டென்ட் சரி. ஒவ்வொரு எண்டோஸ்கோப்பிக்கும் தனி பில்லா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இழுத்து வைத்த இரைப்பையே ரத்த ஓட்டமின்றிக் கறுத்துப்போயிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. மறுபடி ஆபரேஷன்தான், தாமதமில்லாமல்.

எந்த வழியானாலும் பாதி வைத்தியம் சிறுகுடலில் போட்ட சாப்பாட்டுக் குழாயில் இருக்கிறது. வாய் வழியாக ஒன்றும் போகாத இத்தனை நாளும் புரதம் இறங்கினால்தான் தையல் ஆறும். வீட்டுக் கஞ்சியை வடிகட்டாமல் ஊற்றிக் குழாய் அடைத்துப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். டயட்டீஷியன் சொன்னதை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். “ஒரு வாய் தண்ணி குடும்மா” என்று நோயாளி கெஞ்சும்போது மனசு கேட்காதுதான். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

லீக் ஆறியவர்களுக்குப் பின்னாளில் அதே இடம் சுருங்குவது சகஜம். இட்லி, சப்பாத்தி தொண்டையில் சிக்குவதாகச் சொன்னால், நோய் திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல் அழைத்து வாருங்கள். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, வெறும் சுருக்கம்தான் என்றால் பலூன் வைத்து விரித்துவிடுவார்கள்; சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.